நெல்லைப் பேச்சை வைத்து ஆளை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏல மூதி, எங்கல போய்த் தொலைஞ்ச?" பாளையங்கோட்டையில் இதைக் கேட்கும் வெளியூர்க்காரர் சண்டை என்று ஒதுங்கி நிற்பார். பெரும்பாலும் அது நெடுநாள் கழித்துக் கூட்டாளியைக் கண்ட சந்தோஷம். சொல்லை மட்டும் வைத்துக் கோபம் என்று முடிவுகட்டாதீர்கள். எதிரே இருப்பவரும் "ஏல" என்று திருப்பிச் சொல்கிறாரா என்று பாருங்கள். ஒத்த வயதுள்ள இருவரில் ஒருவர் மட்டும் "ஏல" போட, மற்றவர் "சரிங்கய்யா" என்றே நின்றால், அங்கே சாதியோ பணமோ பேசுகிறது. அதையும் "எங்க ஊர்ப் பாசம்" என்று கடந்துபோவது முந்தையதைவிடப் பெரிய தவறு.

நிஜமான மனத்தாங்கல் மரியாதையாக வரும். நேற்றுவரை "வாரும்வே, இரும்" என்றவர் இன்று "வாங்க, உக்காருங்க" என்றால் என்னவோ நடந்திருக்கிறது. இதைப் பிடிக்க, அவருடைய வழக்கமான பேச்சு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கடையில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் என்று இரண்டு மூன்று இடங்களிலாவது கேட்காமல் ஆளை எடைபோடுவது வீண்.

பலரும் கோட்டைவிடுவது வினைமுற்றில். அந்த இடத்தில் இல்லாதவரைப் பற்றிப் பேசும்போது "தங்கமான மனுசன்" என்ற புகழ்ச்சியைக் கேட்டு நிறுத்திவிடுகிறோம். அடுத்த வாக்கியத்தைக் கேளுங்கள்: மிகுந்த மரியாதையோடு "வந்தாவ" என்கிறாரா, "வந்தாரு" என்கிறாரா, "வந்தான்" என்கிறாரா? நேரில் "அண்ணாச்சி" என்று அழைத்துவிட்டு, அவர் தலை மறைந்ததும் "வந்தான், போனான்" என்றால், புகழ்ச்சியைவிட அந்த விகுதியைத்தான் நான் நம்புவேன். இதற்கும் விலக்கு உண்டு: பால்யச் சிநேகிதனும் "வந்தான்"தான், திருச்செந்தூர் முருகனும் "அவன் பாத்துக்கிடுவான்"தான்.

கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய் சொல்கிறான் என்பதை விட்டுவிடுங்கள். பெரியவர் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய சாரத்தை (கைலியை) அவிழ்த்துவிடுகிற பையன், கண்ணையும் தாழ்த்தத்தான் செய்வான். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-ல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதர்கள் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தது சராசரியாக 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 வருமே.

துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், சொல்லிக்கொள்ளாமல் எழுந்துபோகிறவரை ஒட்டாதவர் என்று நினைக்க வேண்டாம். அங்கே "போயிட்டு வாரேன்" சொல்லக்கூடாது என்பதே முறை.

கடைசியாக, "பாப்போம்", "ஆகட்டும்". கடனோ உதவியோ கேட்டு இந்தப் பதில் கிடைத்ததும் சம்மதம் என்று நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். ஒருமுறை மட்டும், "என்னைக்கு வரட்டும்?" என்று கேளுங்கள். "வியாழக்கிழமை காலைல வாங்க" என்று கிழமை வந்தால் நம்பலாம். மறுபடியும் "பாப்போம்" வந்தால் அது இல்லை என்பதுதான். முகம் முறியாமல் சொல்லியிருக்கிறார். மூன்றாம் முறை கேட்காமல், காப்பியைக் குடித்துவிட்டு வேறு பேச்சு பேசுங்கள்.