பூங்காவுக்காக மனு எழுதும் முன்

போன மாதம் புதிதாகத் தொடங்கிய ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தினர் கூப்பிட்டிருந்தார்கள். மேசை மேல் தடிமனான ஒரு கோப்பு. முதல்வர் தனிப்பிரிவில் தொடங்கி வார்டு உறுப்பினர் வரை பதினாறு மனுக்கள். புரட்டப் புரட்ட, என் பழைய கையெழுத்தையே படிப்பதுபோல் இருந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் அடித்த அதே கூத்து, வரி மாறாமல்.

ஒப்புகை வாங்குங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். நானும் செய்து, இன்றும் பலர் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

"ஏன்" என்று கேட்பது

"எங்கள் தெருவில் இந்தக் கட்டடத்துக்கு ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?" என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், 30 நாள் காத்திருந்து ஒரு வரி பதில் வாங்குவீர்கள்: "விளக்கம் கோருவது தகவல் ஆகாது." எரிச்சலாக இருக்கும். ஆனால் சட்டப்படி அந்த அலுவலர் சொல்வது சரிதான். அலுவலகத்தில் பதிவாக இருப்பதைத்தான் கேட்க முடியும்.

அதனால் காகிதத்தைக் கேளுங்கள். திட்ட அனுமதி ஆணை, அதோடு சேர்ந்த வரைபடம், உள்ளாட்சி மன்றத் தீர்மானம், கோப்பின் குறிப்புப் பக்கங்கள். அதைவிட நல்லது, கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேட்பது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் கிடையாது. கீழ்நிலை அலுவலர் என்ன ஆட்சேபம் எழுதினார், அதைத் தாண்டி யார் கையெழுத்துப் போட்டார் என்பது குறிப்புப் பக்கத்தில்தான் இருக்கும். பதிலே வரவில்லையா? அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

வார்டு உறுப்பினரின் வாய்ச்சொல்லை நம்புவது

மன்றத் தீர்மானத்தின் எண் என்ன? அது இல்லையென்றால் வாக்குறுதியும் இல்லை.

வரைபடத்தில் பச்சையாக இருக்கிறது என்று நம்புவது

இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்கள் மனைப்பிரிவு சுமார் 3 ஏக்கர். மனை வாங்கியபோது தரகர் விரித்துக் காட்டிய வரைபடத்தில் நடுவே 21 சென்ட் பச்சை. மேலே "பூங்கா" என்று எழுதியும் இருந்தது. குடிவந்து பார்த்தால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. சுத்தம் செய்யுங்கள், வேலி போடுங்கள் என்று இரண்டு வருடம் மனு எழுதினேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "மேற்படி இடம் இவ்வலுவலகத்துக்கு ஒப்படைக்கப்படவில்லை." சரி, அவர்கள் பொறுப்பில்லை போலிருக்கிறது என்று மனை போட்டவரைத் தேடி அலைந்தேன்.

மூன்றாம் வருடம், ஒரு காலை நடைக்குப் போனால் அங்கே சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அப்புறம்தான் புத்தி வந்து, அந்த இடத்தின் பத்திரப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுத்தேன். பூங்கா ஐந்து மனைகளாகக் கிரயமாகியிருந்தது. கடைசிக் கிரயம் நடந்தது, நான் நான்காவது மனுவை எழுதிக்கொண்டிருந்த அதே வாரம்.

அந்தப் பதிலை நான் கைகழுவல் என்று படித்தேன். உண்மையில் அது ஒப்புதல் வாக்குமூலம். நகர் ஊரமைப்புத் துறை தொழில்நுட்ப அனுமதி தந்த பிறகு, சாலைகளையும் பூங்காவையும் மனை போடுகிறவர் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரமாகப் பதிவுசெய்து கொடுக்க வேண்டும். அது முடிந்தால்தான் உள்ளாட்சி இறுதி ஒப்புதல் தரவேண்டும். அப்படியானால், "ஒப்படைக்கப்படவில்லை" என்று ஓர் அலுவலகம் எழுதித் தருகிறது என்றால், பத்திரம் கைக்கு வராமலே அதே அலுவலகம் இறுதி ஒப்புதலில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இந்த ஒரு வரியை நான்கு முறை கையில் வாங்கியும் எனக்கு உறைக்கவில்லை.

நான் கேட்டிருக்க வேண்டியவை இரண்டே நகல்கள்: இறுதி ஒப்புதல் ஆணை, தானப் பத்திரம். முதலாவதைக் கொடுத்து இரண்டாவது "இல்லை" என்று எழுதினால், யார், எந்தத் தேதியில், எதை நம்பிக் கையெழுத்திட்டார் என்ற கேள்வி தானாகவே எழும்.

ஆகவே வேலையை இங்கிருந்து தொடங்குங்கள். மனைப்பிரிவின் புல எண்ணுக்கு (சர்வே எண்), அனுமதி கிடைத்த வருடத்திலிருந்து இன்றுவரை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். தானப் பத்திரம் தென்பட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள், பட்டா யார் பெயரில் என்றும் பாருங்கள். பத்திரம் உள்ளாட்சியின் பெயரில் இருக்கும், பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே தூங்கும். அந்தப் பட்டாவைக் காட்டி விற்பவர்கள் உண்டு.

அளவையும் கவனிக்க வேண்டும். இப்போது நடப்பிலிருக்கும் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தரவேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகவும் கட்டலாம். அப்படிக் கட்டியிருந்தால் பூங்காவைத் தேடிப் பயனில்லை. பணம் எந்தக் கணக்கில் போனது என்று தேடுங்கள்.

சட்டம் நம் பக்கம்தான். 1991இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில், பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதிவாசிகள்தான். ஆனால் நான் வழக்கறிஞரிடம் போனபோது என் கையில் மனுக்கள் இருந்தன, ஆவணம் இல்லை. ஐந்தில் மூன்று மனைகளில் இன்று வீடு நிற்கிறது. அங்கே குடியிருப்பவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களும் என்னைப்போல வங்கிக் கடனில் வாங்கியவர்கள். மகள்கள் ஒரே பள்ளிப் பேருந்தில் போகிறார்கள்.

மாஸ்டர் பிளான் வந்த பிறகு கொதிப்பது

1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி எந்த இடம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளானின் வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தரவேண்டும். அந்த இரண்டு மாதமும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இறுதியான பிறகு மறியலுக்கு ஆள் சேர்க்கிறார்கள்.

ஆட்சேபம் எழுதுகிறவர்களும் "எங்கள் பகுதிக்கு அநியாயம்" என்று எழுதி அனுப்புகிறார்கள். அதை வைத்து எந்த அதிகாரியும் ஒரு கோட்டைக்கூட நகர்த்தப் போவதில்லை. அதற்குப் பதில் இப்படி எழுதுங்கள்: இந்தப் புல எண் வருவாய்ப் பதிவேட்டில் வாய்க்கால், உங்கள் வரைவில் குடியிருப்பு என்று நிறம் தீட்டியிருக்கிறது, பதிவேட்டின் நகல் இணைப்பு. இவ்வளவு போதும். ஒரு புல எண்ணுக்கு ஒரு கடிதம்.

தளம் போட்ட பிறகு புகார்

விதிமீறிய கட்டடம் என்றால் அஸ்திவாரம் தோண்டும்போதே புகார் கொடுங்கள்.

எல்லாப் பிரச்சினையையும் ஒரே மனுவில் அடைப்பது

பூங்கா, சாக்கடை, தெருவிளக்கு மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் தெருவிளக்கை மட்டும் மாற்றிவிட்டு "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

அந்தப் புதுச் சங்கத்தின் செயலாளர் முந்தாநாள் அழைத்தார். வில்லங்கம் போட்டுப் பார்த்தாராம். "தானப் பத்திரம் இருக்கு சார்!" என்று குரலில் அவ்வளவு சந்தோஷம். எத்தனை சென்ட் என்று கேட்டேன். பதினாறு என்றார். அனுமதி வரைபடத்தில் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன். தாள் புரளும் சத்தம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "பதினெட்டு போட்டிருக்கு சார்" என்றார்.