பால் பவுடர் வாங்குவதற்கு முன்

மெடிக்கல் ஷாப்பில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கேட்டால், பத்துப் பெட்டி எடுத்து வைப்பார்கள். "இதுல எது நல்லது?" என்று கேட்போம். விலை கூடியதுதான் முன்னால் நகர்ந்து வரும்.

இங்கேதான் முதல் தவறு. ஆற்றல், புரதம், இரும்புச்சத்து, வைட்டமின்கள் எல்லாவற்றுக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) வரம்பு வைத்திருக்கிறது. பிறந்த குழந்தைக்கான எந்தப் பெட்டியும் அந்த வரம்புக்குள்தான் இருக்க வேண்டும். விலை ஏறுவதில் பெரும்பங்கு, மேலே சேர்த்த டி.எச்.ஏ. (மூளைக்கு நல்லது என்று சேர்க்கும் ஒருவகைக் கொழுப்பு) போன்றவற்றுக்கும் பிராண்டின் பெயருக்கும். நிறைமாதத்தில் பிறந்த, நலமாக இருக்கும் குழந்தைக்கு டி.எச்.ஏ. சேர்த்தால் மூளை கூர்மையாகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மலிவானதை வாங்குகிறோமே என்று மனசு சங்கடப்பட வேண்டியதில்லை.

பெட்டியில் கொழுகொழு குழந்தைப் படம் ஏன் இல்லை என்று கவனித்திருக்கிறீர்களா? குழந்தைப் பால் பவுடர் விற்பனையைக் கட்டுப்படுத்தும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. விளம்பரம், இலவச சாம்பிள் எதுவும் கூடாது. விற்பனைக்காகத் தாயைத் தேடி வந்து பேசுவதும் கூடாது. அதனால் யாராவது சாம்பிளை நீட்டினால், அதையே தொடர வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், தேவையில்லாமல் வாங்குவது. குழந்தை அழுதாலே "பால் பத்தலை" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போய், எடையும் ஏறினால் தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறது. சந்தேகம் இருந்தால் பவுடருக்கு முன் எடை மெஷினைப் பாருங்கள்.

பெட்டியிலுள்ள 1, 2 என்ற எண் வயதைக் குறிக்கிறது: 1 பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரை, 2 அதற்குப் பிறகு. எடை ஏறவில்லை என்று நான்காம் மாதமே இரண்டாம் எண்ணுக்குத் தாவக் கூடாது. டீக்குக் கலக்கும் பால் பவுடர் வேறு சரக்கு. அதைக் கொடுக்கவே கூடாது. ஆறு மாதத்துக்குள் பசும்பாலும் வேண்டாம். அதில் இரும்புச்சத்து குறைவு, புரதமும் உப்பும் பிஞ்சு சிறுநீரகத்துக்கு அதிகம்.

பிராண்டை மாற்றிக்கொண்டே இருப்பது இன்னொன்று. மலம் கரும்பச்சையாகப் போனால் பயந்து அடுத்த பெட்டிக்குப் போகிறோம். பவுடரில் உள்ள இரும்புச்சத்தாலேயே அப்படிப் போகலாம். "லாக்டோஸ் இல்லாதது" என்று எழுதியிருப்பதைப் பார்த்து நாமாக எடுப்பதும் தப்பு. தாய்ப்பாலின் முக்கியச் சர்க்கரையே லாக்டோஸ்தான். மலத்தில் ரத்தம், உடம்பில் தடிப்பு என்றால் பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். லாக்டோஸை நீக்கினாலும் புரதம் அங்கேயேதான் இருக்கும்; மருத்துவரிடம் போவதே வழி.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது: மாதக் கணக்கு போடாமல் வாங்குவது. ஐந்து கிலோ எடையுள்ள குழந்தை பவுடர் பால் மட்டும் குடித்தால், கிலோவுக்கு 150 மில்லி வீதம் நாளுக்குச் சுமார் 750 மில்லி. 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்றால் 25 கரண்டி, ஏறக்குறைய 110 கிராம். 400 கிராம் பெட்டி நான்கு நாள் தாண்டாது! மாதத்துக்கு எட்டுப் பெட்டிக்கு மேல். இந்தக் கணக்கு தெரியாமல் உயர்ந்த பிராண்டை வாங்கி, மாதக் கடைசியில் கரண்டியைக் குறைக்கிறவர்கள் உண்டு. அப்படிக் கலந்தால் எடை ஏறாது; தண்ணீர் மிஞ்சி ரத்தத்தில் சோடியம் இறங்கினால் வலிப்பு வரைக்கும் போகலாம். குறைந்த விலைப் பெட்டியைச் சரியான அளவில் கலப்பது எவ்வளவோ மேல்.

எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறு. "கெட்டியா இருந்தாத்தான் புள்ள ராத்திரி தூங்கும்" என்று அம்மா ஒரு அரைக் கரண்டி கூடப் போடுவார். மலச்சிக்கல் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கரண்டி அளவு பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பழைய பெட்டிக் கரண்டியைப் புதியதில் போடாதீர்கள். முதலில் தண்ணீரை அளந்து, பிறகு தலைதட்டிய கரண்டி.

பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால் கேன் தண்ணீரானாலும் கொதிக்க வைத்து, அரை மணி நேரத்துக்குள், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வெதுவெதுப்பாகும் வரை ஆறவைத்துக் கொடுங்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. ஃபிளாஸ்க்கில் வெந்நீரை எடுத்துப் போகலாம், கலந்த பாலை வேண்டாம். புட்டியைவிடப் பாலாடை (பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்) நல்லது: இடுக்கு இல்லை, தேய்த்துக் கழுவி கொதிக்கும் நீரில் போட்டு எடுத்துவிடலாம்.