எடையைக் குறைத்து, அடியில் நிறுத்தி: ஸ்குவாட் பழகுவோருக்கு ஒரு செய்முறை

எடை மாட்டிய கம்பியை (பார்) மேல்முதுகில் தாங்கி உட்கார்ந்து எழும் பயிற்சிதான் ஸ்குவாட். அதில் கீழே போனதும் உடம்பு தானாக எகிறி மேலே வரும், கவனித்திருப்பீர்கள். இறங்கும்போது இழுபடும் தசையும் தசைநாணும் கொஞ்சம் ஆற்றலைத் தேக்கிவைத்து, திரும்பும் நொடியில் அதை விடுவிக்கின்றன. தரையில் அடித்த பந்து எழும்புவதுபோலத்தான். இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் புதிதாகப் பழகுபவர் அந்த எகிறலிலேயே மேலே வந்துவிடுவதால், அடியில் முட்டி எங்கே இருந்தது, முதுகு எப்படி இருந்தது என்று அவருக்கே தெரியாது. அங்கே இரண்டு நொடி நின்று பாருங்கள். எகிறல் பெருமளவு வடிந்துவிடும். மிச்சமுள்ள வேலை முழுக்கத் தசையின் மேல் விழும். எடை குறைவாக இருந்தாலும் பயிற்சி கடினமாக இருப்பது இதனால்தான்.

முதலில் எடையைத் தீர்மானியுங்கள். வழக்கமாக 60 கிலோவில் 5 ரெப் (ஒருமுறை இறங்கி எழுவது ஒரு ரெப்) எடுப்பவர் 40 கிலோவில் தொடங்கலாம். அதாவது வழக்கமான எடையில் மூன்றில் இரண்டு பங்கு. கூச்சப்படாமல் குறையுங்கள். நின்று எடுக்க முடியாத எடையை வைத்துக்கொண்டு அரை நொடி தயங்கிவிட்டு எழுவதில் பயனே இல்லை. இன்னும் எடை ஏற்றியே பழகாதவர்களுக்கு 20 கிலோ வெறும் பாரே போதும். அதுவும் கனமாகத் தெரிந்தால் ஒரு டம்பெல்லை மார்போடு அணைத்துப் பிடித்துச் செய்யுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. பாரை வைக்கும் இரும்புச் சட்டமான ரேக்கின் சேஃப்டி பின்களை (பாரைத் தாங்கிக்கொள்ளும் கம்பிகளை), நீங்கள் முழுதாக உட்காரும்போது பார் இருக்கும் உயரத்துக்குச் சற்றே கீழே பொருத்துங்கள். எழ முடியாமல் போனால் பாரை அதன்மேல் இறக்கிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

இனி ஒரு ரெப்பை நிதானமாகப் பார்ப்போம். மேலே நிற்கும்போதே வயிறு நிறைய மூச்சை இழுத்து அடக்கி, யாரோ வயிற்றில் குத்தப்போகிறார்கள் என்பதுபோல் சுற்றிலும் இறுக்குங்கள். சீரான வேகத்தில் இறங்குங்கள். தொடை தரைக்கு இணையாகவோ அதற்குச் சற்றுக் கீழாகவோ வந்ததும் நிறுத்துங்கள். பார் அசையாமல் நின்ற பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும். “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு” என்று மனதுக்குள் நிதானமாகச் சொன்னால் ஏறக்குறைய இரண்டு நொடி ஆகும். பிறகு உடம்பை முன்னும் பின்னும் ஆட்டாமல், பாதம் முழுவதையும் தரையில் அழுத்தி எழுங்கள். கடினமான பகுதியைத் தாண்டியதும் மூச்சை விடலாம். மேலே வந்து புது மூச்சு எடுத்த பிறகே அடுத்த ரெப்.

அந்த இரண்டு நொடியில்தான் எல்லாமே இருக்கிறது. நிற்பது ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள். பலருக்கு இரண்டாவது நொடியில் வயிறு தளரும், இடுப்பு இன்னும் ஓர் அங்குலம் கீழே சரியும், பிட்டம் உள்ளே சுருண்டு கீழ்முதுகு வளையும். இன்னும் சிலருக்கு எழத் தொடங்கும் கணத்தில் முட்டிகள் உள்பக்கம் சாயும். கைபேசியை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் வைத்து ஒரு செட்டை (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் ரெப்களை) படம் எடுங்கள். முட்டி சாய்கிறதா என்று பார்க்க, முன்னாலிருந்து இன்னொன்று. இடுப்பு சரிகிறதென்றால், முதுகு வளையாமல் நிற்க முடிகிற ஆழத்துக்கு வந்து அங்கேயே நின்று பழகுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் 5 கிலோ குறையுங்கள்.

ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிச் செய்வதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். செய்யும்போது தலை சுற்றினால், பாரை ரேக்கில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

எவ்வளவு செய்வது? 3 செட், ஒவ்வொன்றிலும் 3 முதல் 5 ரெப், நடுவில் 2 முதல் 3 நிமிட ஓய்வு, வாரத்துக்கு ஒரு நாள். மற்ற நாளில் வழக்கமான ஸ்குவாட் தொடரட்டும். கடைசி ரெப்பிலும் முதல் ரெப்பைப் போலவே அசையாமல் நிற்க முடிந்தால், அடுத்த வாரம் 2.5 கிலோ கூட்டலாம், அல்லது எடையை அப்படியே விட்டு ஒரு நொடி கூட்டலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம். என்னைக் கேட்டால், முதல் மாதம் எடையையும் நொடியையும் தொடவே வேண்டாம், நிற்பது பழகட்டும்.

இதே முறை, பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பாரை மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸுக்கும் பொருந்தும். பவர்லிஃப்டிங் போட்டியில் பார் மார்பில் அசையாமல் நின்ற பிறகுதான் நடுவர் தள்ளச் சொல்வார், ஆகவே போட்டியாளர்களுக்கு இது அன்றாடப் பழக்கம். பாரை மார்பில் தொடவைத்து ஒரு நொடி நிறுத்துங்கள். பாரத்தை மார்பின் மேல் சாய்த்துவிடாமல் கையும் முதுகும் அதைத் தாங்கியபடியே இருக்க வேண்டும். பக்கத்தில் ஓர் ஆள் துணைக்கு நிற்பது அவசியம்.

தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் முட்டிக்குக் கீழே பாரை நிறுத்திப் பழகுபவர்களும் உண்டு. கீழ்முதுகுக்கு அது கடும் வேலை. நிறுத்தாமல் எடுக்கும் சாதாரண டெட்லிஃப்டில் முதுகு நேராக நிற்கும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள்.