லீவில் கணக்கும் எழுத்தும் மறக்காமல் இருக்க

இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கோடை லீவு முடிந்து போகும்போது பெரும்பாலும் தடுமாறுவது கடன் வாங்கிக் கழித்தலில்தான். அதற்காக நோட்டைத் திறந்து உட்கார வைக்க வேண்டாம். பல்லாங்குழியை எடுங்கள். 14 குழிகளிலும் ஐந்தைந்தாகப் பிள்ளையே காய் போட்டு நிரப்பட்டும்; ஐந்தாம் வாய்ப்பாடு கையோடு வந்துவிடும். மொத்தம் 70. ஆடி முடித்துக் காய்களை எல்லாம் அள்ளியதும், "உன்கிட்ட 42 இருக்கு, அப்போ என்கிட்ட எத்தனை?" என்று கேளுங்கள். முதலில் மனக்கணக்கு, பிறகு எண்ணிச் சரிபார்ப்பு. விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அதுதான் முக்கியம். பலகை இல்லாவிட்டால் சாக்பீஸ் வட்டங்களும் புளியங்கொட்டையும் போதும்.

எழுத்துப் பயிற்சிக்கு மளிகை லிஸ்ட். "மிளகு 50 கிராம், வெல்லம் அரைக் கிலோ" என்று நீங்கள் சொல்ல, அவர்கள் எழுதட்டும். ல, ள மாறினால் திட்டாமல், கடையில் பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருப்பதைக் காட்டுங்கள், தாங்களே திருத்திக்கொள்வார்கள். வாசிப்புக்கு, கடைக்குப் போகிற வழியிலுள்ள பஸ் போர்டுகளே இருக்கின்றன.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால், ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணி உயரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். வாயில் போட்டுக்கொள்ளும்.