வேலூர் வெயிலில் கடல் தொட்டி: எந்த மீனோடு எந்த மீனை விடலாம்?

கடல் மீன் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். நான் சொல்வது தலைகீழ். வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும், என்ன சாப்பிடும், தொட்டியில் எந்த இடத்தைப் பிடிக்கும், யாரை விரட்டும் என்பதை முதலில் பாருங்கள். இதில் தேறி மிஞ்சும் மீன்களிலேயே கண் கூசும் அளவுக்கு நிறம் இருக்கிறது.

கீழே உள்ளதெல்லாம் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டிக்கான கணக்கு. முழுக்க நிரப்பினால் சுமார் 190 லிட்டர். கல்லும் மணலும் போட்டால் தண்ணீர் அதைவிடக் குறையும்.

படி 1: எத்தனை மீன் என்பதை வெயிலிடம் கேளுங்கள்

பவளமும் மீனும் சேர்ந்த பவளத் தொட்டிக்குத் தண்ணீர் 24 முதல் 27 டிகிரி வரை வேண்டும். கத்தரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும், உப்புத் தண்ணீரில் இன்னும் குறைவு. மீன் அதிகமிருந்து கரன்ட் போனால் ராத்திரியில் மூச்சு முட்டும். அதனால் இந்த அளவுத் தொட்டிக்கு ஐந்தாறு சின்ன மீன் போதும். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இருந்தாலும் இதுதான் என் கணக்கு. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

சில்லர் வாங்க முடியாதவர்கள் தண்ணீர் மேல்மட்டத்தில் ஃபேன் காற்று படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் மே மாதத்துக்கு அது மட்டும் போதாது. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். குடத்தில் வெள்ளை படியவைக்கும் போர் தண்ணீர் வேண்டாம். உப்பின் அளவு (ஒப்படர்த்தி, அதாவது ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.025 அருகில் நிற்க வேண்டும்.

அப்புறம், மீனுக்கு ஆகாத அமோனியாவும் நைட்ரைட்டும் புதுத் தொட்டியில் பூஜ்யம் ஆகும்வரை மீன் கடைப் பக்கமே போகாதீர்கள். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

படி 2: இடம் பிரித்துக் கொடுங்கள்

தொட்டி ஒரு ஒண்டுக்குடித்தன வீடு. ஒரே அறைக்கு இரண்டு பேர் போட்டி போட்டால்தான் சண்டை. மணலுக்கு ஒன்று, கல் இடுக்குக்கு ஒன்று, நடுத் தண்ணீருக்கு ஒன்று என்று எடுங்கள். ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே சாப்பாடு உள்ள இரண்டு இனங்களைச் சேர்க்காதீர்கள்.

ஆரஞ்சு: ஒசெல்லாரிஸ் கோமாளி மீன். கடையில் நீமோ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆண்தான், ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். அதனால் ஒன்று சற்றுப் பெரிது, ஒன்று சிறிது என இரண்டு குட்டிகளை வாங்குங்கள். மூன்றாவது வேண்டாம், ஜோடி சேர்ந்ததும் அதை அடித்தே தீர்த்துவிடும். கடலில் இது ஒண்டி வாழும் கடற்சாமந்தி (அனிமோன்) இல்லாமலே நன்றாக இருக்கும். பண்ணையில் பொரித்த குட்டியா என்று கேளுங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையக் கிளையும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இந்த மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கின்றன. பண்ணைக் குட்டி தொட்டிக்கும் குருணைத் தீவனத்துக்கும் பழகியது.

மஞ்சள்: யெல்லோ வாட்ச்மேன் கோபி. மணலில் குழி தோண்டிக் காவலுக்கு உட்காரும். யார் வம்புக்கும் போகாது, ஆனால் ஒன்று போதும்.

வெள்ளையும் சிவப்பும்: ஃபயர்ஃபிஷ். பயந்த சுபாவம், பயந்தால் துள்ளும். தொட்டிக்கு வலை மூடி போடாமல் இதை வாங்காதீர்கள். முரட்டு மீன் இருக்கும் தொட்டியில் வெளியே தலை காட்டாது.

கருப்பு வெள்ளைக் கோடு: பங்காய் கார்டினல், இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளைச் சேர்ந்தது. ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும். சேர்ந்துவிட்ட ஜோடி கிடைத்தால் சரி, இல்லையென்றால் ஒன்று மட்டும்.

ஊதாவும் மஞ்சளும்: ராயல் கிராமா. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கரீபியன் கடல் மீன் இது, விலை கூடும். இதே போல முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சளாக ராயல் டாட்டிபேக் என்று இன்னொன்று உண்டு. சின்னத் தொட்டியில் அது ரௌடி. கிராமாவில் ஊதா மெல்ல மெல்ல மஞ்சளில் கரையும், முதுகுத் துடுப்பின் முன்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். டாட்டிபேக்கில் நிறம் கத்தியால் வெட்டியது போல் பிரியும், புள்ளி இருக்காது. கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் இந்த இரண்டு அடையாளங்களையும் நீங்களே பாருங்கள்.

படி 3: வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்

விலை குறைவு என்று தலையில் கட்டப்படுவது நீல டாம்சல். எளிதில் சாகாது, மற்றவற்றை நிம்மதியாக இருக்கவும் விடாது. நீலம் வேண்டுமென்றால் வால் மட்டும் மஞ்சளான யெல்லோடெயில் டாம்சல் ஒன்று எடுங்கள், ஓரளவு அடக்கமானது. டோரி என்று விற்கும் நீல டாங் ஓரடி வரை வளரும், ஆறடித் தொட்டி கேட்கும். மாண்டரின் மீன் அழகுதான். கல்லில் ஊரும் நுண்ணிய உயிரிகளைத் தின்றே பிழைப்பதால் புதுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தைக் கொறிக்கும். லயன்ஃபிஷ் வாயில் நுழைவதையெல்லாம் விழுங்கும்.

கல்போன்ற கடினப் பவளங்களும் கடல்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. கடலில் எடுத்தது என்று யாராவது ரகசியமாக நீட்டினால் தொடாதீர்கள்.

படி 4: கடையிலிருந்து வீட்டுக்கு

பலரும் போவது சென்னை கொளத்தூருக்கு. கண்ணெதிரே தீவனம் போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீன், வேகமாக மூச்சு வாங்கும் மீன், உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளி உள்ள மீன், வயிறு ஒட்டிய மீன் எதையும் வாங்க வேண்டாம். தெர்மாகோல் பெட்டியில் வைத்து, வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்கள்.

சில மணி நேரம் கட்டியிருந்த பையில் அமோனியா சேர்ந்திருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அந்த அமோனியா விஷமாகும். ஆகவே பையைத் திறக்காமல் இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். கடையில் உப்பின் அளவு என்ன என்று முன்கூட்டியே கேட்டு, புது மீனை முதலில் தனியாக வைக்கும் தனிமைத் தொட்டியிலும் அதையே வைத்திருந்தால், திறந்த கையோடு மீனை மட்டும் எடுத்து விட்டுவிடலாம். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. தனிமைத் தொட்டியில் ஒரு மாதமாவது இருக்கட்டும். வெள்ளைப் புள்ளி நோய்க்கான செம்பு மருந்தை அங்கேதான் கொடுக்க முடியும், பவளத் தொட்டியில் ஊற்றினால் பவளமும் இறாலும் போய்விடும்.

படி 5: யார் முதலில்?

சாது முதலில், முரடு கடைசியில். ஃபயர்ஃபிஷ், கோபி, பிறகு கார்டினல், கிராமா, கோமாளி ஜோடி, டாம்சல் வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் பின்னால். இத்தனையையும் சேர்த்தால் ஏழாகிவிடும், ஒன்றை விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு வாரமாவது விட்டு, அமோனியாவைச் சோதித்துவிட்டு அடுத்ததை விடுங்கள். புதியதை விடும் அன்று கற்களை லேசாக இடம் மாற்றி விளக்கை அணைத்துவிட்டால், பழைய மீன்களுக்குத் தங்கள் எல்லை எது என்றே குழம்பிப்போகும். மறுநாளும் ஒன்றை மூலையிலேயே ஒதுக்கி விரட்டினால், விரட்டும் மீனைப் பிடித்துத் துளையிட்ட டப்பாவில் சில நாள் தொட்டிக்குள்ளேயே அடைத்து வையுங்கள்.