போலீஸ் அடித்தால்: மனித உரிமை ஆணையத்துக்கு மனு எழுதும் முறை

முதலில் ஆஸ்பத்திரி, மனு பிறகு. நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் காயத்தைக் காட்டும்போது, யார், எதைக்கொண்டு, எப்போது அடித்தார் என்று டாக்டரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். ‘கீழே விழுந்தேன்’ என்று பயந்து சொல்லிவிட்டால் பாதி வழக்கு அங்கேயே போச்சு. பதிவேட்டு நகல் கேட்டு வாங்குங்கள்.

மனு வெள்ளைத்தாளில், தமிழிலேயே எழுதலாம்; கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மொட்டைக் கடிதாசி எடுபடாது. போலீஸ்காரர் பெயர் தெரியாவிட்டால் பதவி, ஸ்டேஷன் பெயர் போதும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், எப்போது விட்டார்கள் என்பதைத் துல்லியமாக எழுதுங்கள். ஸ்டேஷன்களில் கேமரா வைக்க உச்ச நீதிமன்றம் 2020இல் உத்தரவிட்டிருக்கிறது. அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்கக் கோரி எஸ்.பி.க்கு அன்றே தனிக் கடிதம் போடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கிடைப்பது சந்தேகம்.

மாநிலப் போலீஸ் என்றால் சென்னையிலுள்ள மாநில ஆணையம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மீனவர்களிடம் நடுக்கடலில் அத்துமீறியது இந்தியக் கடற்படை என்றால் டெல்லியிலுள்ள தேசிய ஆணையம். அங்கேயும் மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுத்தான் மேற்கொண்டு நடக்கும்.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டுக்கும் அனுப்பாதீர்கள். மாநில ஆணையத்தில் நிலுவையிலிருப்பதை டெல்லி விசாரிக்காது.

கெடு, சம்பவத்திலிருந்து ஓராண்டு. ஸ்பீட் போஸ்ட் ரசீது பத்திரம்.