கச்சேரிக்கு வெளியே நேரும் தவறுகள்: தென்னாப்பிரிக்க இசைக்கலைஞர்களுக்கு

டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலும் இசையை நம்பி வாழும் தமிழர்கள் ஒரே வகைக்குள் அடங்குவதில்லை. தைப்பூசக் காவடிக்குத் தவில் வாசிப்பவரே வார இறுதியில் திருமண மண்டபத்து மெல்லிசைக் குழுவோடும் அமர்வார். அவருடைய மகன் அமாபியானோ என்ற தென்னாப்பிரிக்க நடன இசைப் பாடல்களுக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருப்பான். ஆனால் வகை எதுவானாலும் இவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே. அன்று கைக்கு வரும் சன்மானத்தையே முழு வருமானமாகக் கருதி, பாடலின்மேல் தமக்குள்ள உரிமையைப் பற்றிப் பேசாமலே வாத்தியத்தை மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

இதன் விளைவு எத்தனை தலைமுறைக்கு நீளும் என்பதற்குச் சான்று டர்பன் உள்ள இந்தக் குவாசூலு-நேட்டால் மாகாணத்திலேயே இருக்கிறது. நேட்டாலில் பிறந்த சூலு பாடகர் சாலமன் லிண்டா, 1939-இல் ஜோகன்னஸ்பர்கின் காலோ இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தம் குழுவுடன் ‘ம்பூபே’ என்ற பாடலைப் பதிவு செய்தார். 1952-இல் 10 ஷில்லிங்குக்கு அதன் உரிமையை எழுதிக் கொடுத்தார். அந்த மெட்டு அமெரிக்காவில் வேறு பெயரில் 1961-இல் பெருவெற்றி பெற்றது, 1994-இல் டிஸ்னியின் திரைப்படத்திலும் ஒலித்தது. லிண்டாவோ 1962-இல் வறுமையில் இறந்தார். படைப்பாளி இறந்து 25 ஆண்டுகள் கழித்து உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்று 1911-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவைப் பற்றிக்கொண்டு குடும்பத்தார் வழக்காடிய பிறகே, 2006-இல் சமரசம் ஏற்பட்டது. கடைசியில் நியாயம் கிடைத்ததே என்று இதைக் கேட்டு ஆறுதல் அடைபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இப்போது நடைமுறையில் உள்ள 1978-ஆம் ஆண்டுத் தென்னாப்பிரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படிப்பட்ட பிரிவு இல்லை. இன்று இடும் கையெழுத்தை 25 ஆண்டுகளுக்குப் பின் எந்தச் சட்டமும் வந்து அழித்துத் தராது. ஆகவே உரிமையை முழுதாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்களா, குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி மட்டும் கேட்கிறார்களா என்பதைத் தாளில் பார்க்காமல் பேனாவைத் தொடக் கூடாது.

அடுத்த தவறு, உரிமைத் தொகை வசூலிக்கும் அமைப்பான சாம்ரோவில் பெயர் பதிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவது. சாம்ரோ கவனிப்பது பாடலை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிய ஒலிபரப்பு, மேடை உரிமைத் தொகையை மட்டுமே. அதே பாடல் பிரதி எடுக்கப்படும்போதும் இணையத்தில் தரவிறக்கப்படும்போதும் வரவேண்டியதைக் கபாசோ என்ற இன்னொரு அமைப்பு வசூலிக்கிறது. பதிவில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் வானொலி ஒலிபரப்பால் கிடைக்கும் பங்கு சாம்ப்ரா என்ற மூன்றாவது அமைப்பின் வழியாக வருகிறது. இதில் அதிகம் இழப்பவர்கள் பக்கவாத்தியக்காரர்கள். மிருதங்கம் வாசித்தவரின் பெயர் பதிவின் கலைஞர் பட்டியலில் இல்லையென்றால், லோட்டஸ் எஃப்எம் வானொலி அந்தப் பாடலை எத்தனை முறை ஒலிபரப்பினாலும் அவருக்கு எதுவும் வராது. அமாபியானோவில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். தாளத்தை ஒருவரும் கீபோர்டை இன்னொருவரும் பாட்டை மூன்றாமவரும் தருகிறார்கள். யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதைப் பதிவு நடக்கும் அன்றே எழுதி அனைவரும் கையொப்பமிட வேண்டும். பாடல் பிரபலமான பிறகு நண்பர்களுக்குள் இதைப் பேசித் தீர்ப்பது எளிதல்ல.

நம்மவர்களிடையே தனியாக ஒரு தவறும் உண்டு. பாரதியார் பாடல்தானே, யாரும் கேட்கமாட்டார்கள் என்று துணிந்து பதிவு செய்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். சில நாளில் விளம்பர வருமானம் வேறொருவருக்குப் போய்விடுகிறது. பாரதியாரின் சொற்களுக்குத் தடையில்லை என்பது உண்மை. அவர் 1921-இல் மறைந்தார், 1949-இலேயே அவருடைய படைப்புகளைச் சென்னை அரசு நாட்டுடைமை ஆக்கியது. ஆனால் அந்தச் சொற்களுக்குப் பிற்காலத் திரை இசையமைப்பாளர் ஒருவர் அமைத்த மெட்டு அவருடையது அல்லது அவரிடமிருந்து உரிமை பெற்ற நிறுவனத்துடையது. தேவாரம், திருப்புகழ் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். பழைய பாடலுக்குச் சொந்தமாக மெட்டமைத்தால், அந்த மெட்டின் உரிமை பாடுபவருக்கே சேரும். இவ்வளவு பெரிய களஞ்சியத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரைமெட்டையே திரும்பத் திரும்பப் பாடுவது, பணக் கணக்கில் பார்த்தாலும் வீண் என்பது என் எண்ணம்.

உடலைப் பற்றிய தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 85 டெசிபல் ஓசையை நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்பது காதுக்குக் கேடு என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்றும் பாதுகாப்பு விதி வகுத்திருக்கிறார்கள்; அதன்படி 100 டெசிபலுக்குக் கிடைப்பது கால் மணி நேரமே. நாதசுரத்துக்கும் தவிலுக்கும் நடுவிலும், ஒலிபெருக்கிக்கு எதிரிலும் மணிக்கணக்கில் நிற்பவர்கள், இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யப்படும் காதடைப்பானைக் கூச்சமில்லாமல் அணிய வேண்டும். தொண்டை கட்டிய பாடகர் கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு கிடைக்கும் என்று நம்புவதும் தவறு. பேசாமல் இருப்பதே ஓய்வு.

கடைசியாக வரி. மண்டபத்தில் ரொக்கமாகப் பெற்ற பணம் கணக்கில் வராது என்று எண்ணுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இங்கு வரி ஆண்டு மார்ச் மாதம் தொடங்கிப் பிப்ரவரியில் முடிகிறது. சம்பளப் பட்டியலில் இல்லாமல் சுயமாகத் தொழில் செய்பவர்கள் ஆகஸ்டு இறுதியிலும் பிப்ரவரி இறுதியிலும் முன்வரி செலுத்த வேண்டும். தவிலுக்குத் தோல் மாற்றிய செலவு, வீணைக்குத் தந்தி வாங்கிய செலவு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை கச்சேரிக்குப் போய்வந்த பெட்ரோல் செலவு ஆகியவற்றை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ரசீதும் பயணக் குறிப்பும் கையில் இருந்தாக வேண்டும்.